பெயர் துறத்தலும் பொறுப்பேற்றலும்: குடிமீட்சிக் கூட்டம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

தனக்குத் தீங்கு பயப்பது இன்னதென நன்கறிந்த பின்னரும் மனிதன் அதனையே மீண்டும் மீண்டும் நாடிச் செல்வது ஏன் என்னும் வினா, அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்றாகும். நன்மையை உண்மையாகவே அறிந்தவன் தீமையைச் செய்யான் என்பது சோக்கிரட்டீசின் கொள்கை. அரிஸ்டோட்டில் இதனை முழுமையாக ஏற்றாரல்லர். அறிவு ஒருபுறம் இழுக்க, வேட்கை மறுபுறம் இழுக்க, அறிவு தோற்றுப்போகும் நிலையொன்று மனித வாழ்வில் உண்டு என்பதை அவர் தமது நிக்கமாக்கிய அறவியலின் ஏழாம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். அவ்வறவியலின் மூன்றாம் நூலில் அவர் காட்டும் உவமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. கல்லை எறிவதும் எறியாது விடுவதும் எறிபவன் கையிலேயே இருந்தன. ஆயினும் எறிந்துவிட்ட கல்லைத் திருப்பியழைத்தல் அவனால் இயலாது. குடிக்கு அடிமைப்பட்டவன் நிலையும் இதுவே. தொடக்கம் அவனுடையது, ஆயின் முடிவு அவன் விருப்பத்துக்குக் கட்டுப்படுவதாக இல்லை.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமையைத் திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகப் பொருட்பாலில் வைத்தார். அவ்வதிகாரத்தின் இறுதி இரு குறள்களையும் சேர்த்து நோக்குதல் பயனுடையது. ஒன்பதாம் குறள், குடித்துக் களித்தவனுக்குக் காரணங்காட்டித் தெளிவிக்க முயல்வதை, நீருள் மூழ்கியவனைத் தீவிளக்குக் கொண்டு தேடும் முயற்சிக்கு ஒப்பிடுகின்றது. பத்தாம் குறளோ, தான் குடியாதிருக்கும் வேளையிற் குடித்தவன் ஒருவனைக் காண்பவன், தன்னுடைய சோர்வும் இத்தகையதே என எண்ணிப் பாரானோ என வினவுகின்றது. முன்னையது ஒரு வழியை அடைக்கின்றது. பின்னையது வேறொரு வழியைத் திறந்துவிடுகின்றது. அறிவுரை சென்று சேராத இடத்துக்கு, தன்னை ஒத்த இன்னொருவனைக் காணும் காட்சி சென்று சேரக்கூடும் என்பதே இவ்விரண்டினதும் இணைப்பிற் பிறக்கும் கருத்தாகும். இருபதாம் நூற்றாண்டிற் குடிமீட்சிக் கூட்டம் என்னும் அமைப்புத் தோன்றியதும் இக்கருத்தின் வழியேயாகும்.

1935ஆம் ஆண்டு மே மாதம், நியூயோர்க்கைச் சேர்ந்த பங்குச்சந்தை ஆய்வாளரான வில்லியம் வில்சன் என்பவர், ஐக்கிய அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்து அக்றன் நகருக்கு வந்திருந்தார். குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் தோல்வியுற்றது. தங்கியிருந்த விடுதியின் முன்கூடத்தில் ஒருபுறம் மதுக்கூடம். மறுபுறம் தொலைபேசியும் நகரத் தேவாலயங்களின் பெயர்ப்பட்டியலும். அவர் தொலைபேசியை நாடினார். தமக்கு அறிவுரை கூறவல்ல ஒருவரை அவர் தேடவில்லை. தம்மைப் போன்ற இன்னொரு குடிநோயாளரையே தேடினார். அத்தேடலின் பயனாக றொபேட் சிமித் என்னும் அறுவை வைத்தியரை மே 12ஆம் திகதி சந்தித்தார். கால்மணி நேரத்துக்கு மேல் இருப்பதில்லை என்ற எண்ணத்தோடு வந்த வைத்தியர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் சமயக் குழுவொன்றின் கூட்டங்களுக்கு ஈராண்டுக்கு மேலாகச் சென்று வந்தவர்; ஆயினும் குடி அவரை விடவில்லை. குடியை உள்ளிருந்து அறிந்த ஒருவர், தமக்குப் புத்தி சொல்வதற்காகவன்றித் தாமும் தப்புவதற்காகப் பேசியதை அன்றே அவர் கேட்டார். அவர் கடைசியாகக் குடித்த நாளான 1935 யூன் 10, 'அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்' எனப்படும் பெயர் குறியாக் குடிநோயாளர் அமைப்பின் தொடக்க நாளாகக் கொள்ளப்படுகின்றது. 1939இல் அவர்களின் நூல் வெளிவந்தது. பின்னர் உலகின் பல நாடுகளிலும் இத்தகைய கூட்டங்கள் பரவின.

கூட்டத்தின் நடைமுறை மிக எளியது. கட்டணம் இல்லை, உறுப்பினர் தாமாக இடுவதே செலவுக்குப் போதும், வெளியார் கொடை ஏற்கப்படுவதில்லை. குடியை விட வேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே சேர்வதற்கான தகுதி. முழுப் பெயரோ தொழிலோ வினவப்படுவதில்லை. ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் கதையைக் கூறுவர், ஏனையோர் கேட்டிருப்பர். இடைமறித்து வினவுவதும், தீர்ப்புக் கூறுவதும், இன்னது செய் என ஏவுவதும் வழக்கமில்லை. புதிதாக வந்தவர் பேசாது இருந்துவிட்டுப் போகலாம். வெளித்தோற்றத்தில் இஃது ஒன்றுமில்லாத செயலாகப்படும். ஆயினும், தன் சோர்வு தனக்கு மட்டும் உரியதென எண்ணிப் பல்லாண்டு ஒளித்து வாழ்ந்த ஒருவன், அதே பொய்களை, அதே அதிகாலை நடுக்கத்தை, அதே முறிந்த சத்தியங்களை இன்னொருவன் வாயிலாகக் கேட்கும்போது, வள்ளுவர் கூறும் அந்தக் காட்சி அவனுக்குக் கிட்டுகின்றது.

இங்கு முதலாவது அறவியற் சிக்கல் எழுகின்றது. இவ்வமைப்பின் பன்னிரு படிகளுள் முதற்படி, குடியின் முன்னே தான் ஆற்றலற்றவன் என ஒப்புக்கொள்வதாகும். ஆற்றலற்றவன் எங்ஙனம் பொறுப்புடையவனாவான்? இது நோய் எனின், நோயாளி செய்த தீங்கிற்கு அவனைக் குற்றஞ்சாட்டலாமா? குற்றமே எனின், கூட்டம் எதற்கு, தண்டனை போதாதா? இவ்வினாக்கள் வெறும் தருக்க விளையாட்டல்ல. குடிப்பவனின் மனைவி நாள்தோறும் தன்னுள் கேட்டுக்கொள்ளும் வினாக்களே இவை.

சிக்கலைத் தீர்ப்பதற்குப் பொறுப்பு என்னும் கருத்தை இரண்டாகப் பகுத்து நோக்குதல் வேண்டும். நடந்ததற்குப் பொறுப்பு ஒன்று. இனிச் செய்யவேண்டியதற்குப் பொறுப்பு மற்றொன்று. ஆற்றலின்மையை ஒப்புக்கொள்பவன் தன் மனவுறுதி என்னும் ஒரே கருவியில் வைத்த நம்பிக்கையைக் கைவிடுகின்றான், பொறுப்பைக் கைவிடுவதில்லை. முதற்கிண்ணம் வாயினுள் சென்றபின் அதனை நிறுத்த அவனால் இயலாதிருக்கலாம். ஆயினும், அம்மாலை தவறணைக்குச் செல்லும் பாதையை விட்டுக் கூட்டத்துக்குச் செல்லும் பாதையிற் கால்வைப்பது அவனுக்கு இயலும். அரிஸ்டோட்டிலின் கல் கையைவிட்டுப் போய்விட்டது உண்மை; எனினும் அடுத்த கல் இன்னும் கையிலேயே இருக்கின்றது. மேலும், எட்டாம் ஒன்பதாம் படிகள், தன்னால் தீங்குற்றோரைப் பட்டியலிட்டு, அவர்க்கு மேலும் ஊறு விளையாத விடத்து, நேரிற் சென்று ஈடுசெய்யுமாறு கோருகின்றன. நோய் என்ற சொல் கடனைத் துடைத்துவிடுமாயின் இப்படிகளுக்கு இடமே இராது.

விபுலாநந்த அடிகளின் பணியால் இராமகிருஷ்ண இயக்கம் வேரூன்றிய மட்டக்களப்பில் இக்கருத்தை விளக்குதற்கு வங்காளத்து நாடகாசிரியர் கிரீஷ் சந்திர கோஷின் (1844–1912) வரலாறு பொருத்தமானது. பெருங்குடியரான அவரை இராமகிருஷ்ணர் குடியை விடுமாறு வற்புறுத்தினாரல்லர். நாளுக்கு இருமுறை இறைவனை நினைக்கும்படி கேட்டார். அதற்குங்கூட உறுதியளிக்கத் தம்மால் இயலாது எனக் கிரீஷ் உணர்ந்தார். அவ்வாறாயின் முழுப் பொறுப்பையும் தமக்கு எழுதிக்கொடுத்து விடுமாறு குரு கூறினார். கிரீஷ் மகிழ்ந்து உடன்பட்டார். காலஞ்செல்லவே, பொறுப்பை ஒப்படைத்தவனுக்கு 'நான் செய்வேன்' எனக் கூறும் உரிமைகூட இல்லை என்பதையும், ஒவ்வோர் அடியிலும் அவ்வொப்படைப்பை நினைத்தாக வேண்டும் என்பதையும் அவர் கண்டார். சரணடைதல் சோம்பலுக்கு இடந்தருவது என்பாருக்கு இவ்வரலாறு தக்க விடையாகும்.

இரண்டாவது சிக்கல் பெயர் பற்றியது. பெயர் குறியாமை என்பது பெருநகரத்துக்கு இயல்பானது. மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களில் அது எங்ஙனம் இயலும்? ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள இவ்வாவி நிலத்தை எழுவான்கரை எனவும் படுவான்கரை எனவும் பிரிக்கின்றது. வைத்தியசாலையும் நகரமும் ஒரு கரையில். வயலும் மாட்டுப்பட்டியும் மறுகரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையை 'பாதை' எனப்படும் மிதவையிலேயே கடக்க வேண்டியிருந்தது. நகரில் அத்தகைய கூட்டம் ஒன்று கூடுவதாகக் கொண்டால், வெல்லாவெளிப் பக்கத்து விவசாயி ஒருவர் அதற்குச் செல்லப் புறப்படும் கணத்திலேயே ஊர் அதனை அறியும். எங்கே போகின்றீர் எனப் பேருந்தில் ஒருவர் கேட்பார். துறையில் இன்னொருவர் கேட்பார். கூட்டத்துள் நுழைந்தால், எதிரே இருப்பவர் மைத்துனர் முறையினராகவும் இருக்கலாம்.

இப்பிரதேசத்தில் 'குடி' என்பது தாய்வழிக் கிளையையும் குறிக்கும். கோயிற் சடங்கில் எக்குடிக்கு எவ்வுரிமை, வண்ணக்கராக வரத்தக்கவர் எவர், மணவுறவு எவருடன் கொள்ளலாம் என்பனவெல்லாம் குடிவழியே அறியப்படும். ஒருவனின் இழிவு அவனோடு நில்லாது அவன் தாயின் கிளை முழுவதையும் தீண்டும். ஆதலாலேயே, குடிப்பழக்கம் ஊரறிந்த செய்தியாக இருக்கும்போதும், அதனை விட முயல்வது மறைக்கப்பட வேண்டிய செய்தியாகிவிடுகின்றது. குடித்து வீதியில் விழுந்தவன் 'குடித்துவிட்டான்' என்ற ஒரு சொல்லோடு மன்னிக்கப்படுவான். உதவி நாடிச் சென்றவனோ 'அவ்வளவுக்கு முற்றிவிட்டதா' எனப் பேசப்படுவான். அவமானத்தின் நிறைகோல் இங்கே தலைகீழாகத் தொங்குகின்றது.

வள்ளுவர் அதே அதிகாரத்தின் ஏழாம் குறளில், மறைந்து குடிப்பவரின் உள்நிலையை உள்ளூரார் உய்த்தறிந்து என்றும் நகைப்பர் என்றார். சிற்றூரில் மறைவு என்பதே இல்லை எனின், பெயர் குறியாமை என்னும் கொள்கை பொருளற்றுப் போகின்றதா? இல்லை எனவே கூறவேண்டும். அக்கொள்கைக்கு இரு பக்கங்கள் உள. ஒன்று, வெளியுலகிலிருந்து பாதுகாப்பு. மற்றையது, உள்ளே இருப்போரிடையே சமநிலை. பெயரை வாயிலில் விடுபவன் அதனோடு ஒட்டிய போடியார் பட்டத்தையும், ஆசிரியர் பதவியையும், குடியின் உயர்வு தாழ்வையும் விட்டே உள்ளே செல்கின்றான். முதலாவது பக்கம் படுவான்கரையில் நலிந்துபோகலாம். இரண்டாவது பக்கம் அங்குதான் மிகவும் வேண்டப்படுவது. ஒருவரை ஒருவர் நன்கறிந்தோர் கூடும் கூட்டத்திற் காக்கப்பட வேண்டியது பெயரன்று, பேச்சேயாம். அங்குக் கேட்டது அங்கேயே நிற்கும் என்ற உறுதி அசையுமாயின் கூட்டமும் அன்றே கலையும்.

சிற்றூருக்கு ஏற்ற வேறொரு முறையும் தமிழ்நாட்டில் முயன்று பார்க்கப்பட்டுள்ளது. சாந்தி ரங்கநாதன் அவர்களால் 1980இற் சென்னையில் நிறுவப்பட்ட ரி.ரி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், 1989இல் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்து மஞ்சக்குடிக் கிராமத்திற் குடிமீட்சி முகாம் நடத்தத் தொடங்கியது. நோயாளரை நகரத்துக்கு அழைப்பதற்குப் பதிலாக மருத்துவரும் ஆலோசகரும் கிராமத்துக்குச் சென்றனர். ஊரவரின் ஆதரவு பெறப்பட்டது, குடும்பத்தினரும் பங்குகொண்டனர், முகாம் முடிந்தபின்னும் தொடர்ந்து வந்து பார்க்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. இங்கு ஊரின் அறிவு மறைக்கப்பட வேண்டிய தடையாகக் கொள்ளப்படவில்லை, துணையாக்கப்பட்டது. ஒருவன் தனியே வெளியேறிச் சென்றால் ஊர் நகைக்கும். ஒரே ஊரிற் பலர் ஒருங்கே அமர்ந்தால், அவர்களுக்கு இடமும் உணவும் தந்தவர் ஊரவரே எனின், நகைப்பதற்கு எவர் எஞ்சுவர்?

மட்டக்களப்பின் மரபும் இதற்கு அந்நியமானதன்று. வைகாசி மாதத்துக் கண்ணகை அம்மன் சடங்கின்போது, கதவு திறந்து குளிர்த்தி நிறைவுறும்வரை, நாள்தோறும் குடிப்பவருங்கூடக் குடியைத் தொடாதிருப்பதுண்டு. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்வோரும் அவ்வாறே நோற்பர். மனவுறுதி இல்லாதவரென இகழப்படுபவரிடத்து இவ்வுறுதி எங்கிருந்து வந்தது? ஊர் முழுவதும் சேர்ந்து நோற்பதனாலும், நோன்புக்குச் சாட்சி இருப்பதனாலும் வந்தது எனலாம். ஆயின் நோன்புக்கு முடிவுநாள் உண்டு. அந்நாள் கழிந்ததும் தவறணை மீண்டும் நிறைகின்றது. குடிமீட்சிக் கூட்டமோ ஒரு நாளை மட்டுமே கேட்கின்றது: இன்று குடியாதிரு, நாளையதை நாளை பார்ப்போம் என்பதே அதன் முறை. மரபு நோன்பு நீண்டது, ஆயினும் முடிவுடையது. கூட்டத்தின் நோன்பு ஒருநாளே நீளமுடையது, ஆயினும் முடிவற்றது. முன்னையதன் கூட்டுறவும் பின்னையதன் அளவும் இணையுமாயின் அஃது இம்மண்ணுக்கு உரியதொரு முறையாக அமையும்.

துயரைப் பிறர்முன் எடுத்துரைத்தலும் இங்குப் புதிதன்று. 1990களில் மட்டக்களப்பில் ஆய்வு செய்த மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், போரிற் காணாமற்போனோரின் உறவினர் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்வோர்முன் தம் துயரை வெளியிட்டதைப் பதிவுசெய்தார். பேசுதல் ஆபத்தாக இருந்த காலத்தில் பேச்சுக்குக் கோயில் இடந்தந்தது. ஆயினும் அங்குச் சென்றோருட் பெண்களே முன்னின்றனர். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளும் 2009 வரை நீடித்த போரும் ஆண்களிடத்து விட்டுச்சென்ற துயரிற் பெரும்பகுதி சொல்லாகாது கள்ளாகவும் சாராயமாகவும் கசிப்பாகவும் கரைந்தது. அழுவதற்கு இடமில்லாதவனுக்குக் குடிப்பதற்கு இடமிருந்தது.

இதனால் மனைவியின் துயரை மறத்தலாகாது. இப்பிரதேச வழக்கில் மணமான ஆண், மனைவிக்குச் சீதனமாக வந்த வீட்டிற் சென்று வாழ்கின்றான். வீடும் அயலும் அவளுடையன. தாயும் தமக்கையரும் அருகில் உளர். குடிப்பவனை வெளியேற்றும் வலிமை அவளுக்கு ஓரளவு உண்டு. அவனைத் திருத்தத் தவறினாள் என்னும் பழியும் அவளையே சாரும். 1951இல் வில்சனின் மனைவி லோயிஸ் முதலியோர் குடிநோயாளரின் குடும்பத்தினருக்கென 'அல்-அனோன்' என்னும் தனிக் கூட்டத்தை அமைத்தமை இவ்வகையிற் கருதத்தக்கது. கணவனின் குடியைத் தான் உண்டாக்கவில்லை, தன்னால் அதனைக் கட்டுப்படுத்தவும் இயலாது என அவள் உணர்வது அன்பின்மையாகாது. அவன் கூட்டத்துக்குச் செல்கின்றான் என்பதற்காக அவள் உடனே மன்னித்தாக வேண்டும் என்பதுமில்லை. ஈடுசெய்தல் அவன் கடமை. ஏற்பதும் மறுப்பதும் அவள் உரிமை.

சமூக நோக்குடையோர் மற்றொரு தடையை எழுப்புவர். வறுமையும் போரும் வேலையின்மையும் குடியை வளர்க்கின்றன; அரசு அதன் தீர்வையைப் பெறுகின்றது; வணிகர் இலாபம் பெறுகின்றனர்; இந்நிலையில் தனிமனிதனை அழைத்து உன் ஆற்றலின்மையை ஒப்புக்கொள் எனக் கூறுவது உண்மைக் காரணிகளை மறைப்பதாகாதா? இவ்வாதத்தில் வலிமையுண்டு. 1912இல் இலங்கையில் எழுந்த மதுவிலக்கு இயக்கம் ஆட்சியாளரின் மதுவரிக் கொள்கையை எதிர்த்தே வளர்ந்தது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தையும், 21 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதையும் தடைசெய்தது. 2017இற் கல்குடாவில் அமைக்கப்பட்டுவந்த எரிசாராயத் தொழிற்சாலைக்கு எதிராக மட்டக்களப்பு மக்கள் குரலெழுப்பினர். இவை வேண்டியனவே. ஆயினும் இரு பணிகளையும் ஒரே கூட்டத்தில் இணைத்தல் இடர்தரும் என்பதற்கு வரலாறு சான்று பகர்கின்றது. 1840இல் அமெரிக்காவின் பல்ரிமோர் நகரில் ஆறு குடியர்கள் தொடங்கிய வொஷிங்ரன் சங்கம் சில ஆண்டுகளில் பெருந்தொகையினரைச் சேர்த்தது; மதுவிலக்கு அரசியற் பூசலினுட் சிக்கி விரைவிலேயே மறைந்தது. ஆதலாற் பிற்கால அமைப்பு எப்பொது விவகாரத்திலும் பக்கஞ்சாராமையைத் தன் மரபாக்கிக்கொண்டது. சமூகம் மாறும்வரை காத்திருக்குமாறு இன்றிரவு கை நடுங்குபவனிடம் கூற எவருக்கும் உரிமையில்லை. அவன் மீண்டபின் குடிமகனாக நின்று சமூகத்தை மாற்றப் போராடலாம்.

கூட்டத்தின் பயனை மிகைப்படுத்தலும் ஆகாது. 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கி 2020இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு, இம்முறையில் ஈடுபடுத்தப்பட்டோருள் நூற்றுக்கு 42 பேர் ஓராண்டின் முடிவில் முற்றாகக் குடியாதிருந்தனர் எனவும், பிற சிகிச்சைகளில் அவ்வெண் 35 எனவும் மதிப்பிட்டது. முன்னையது மேம்பட்டதே, எனினும் அதிலும் பாதிக்கு மேற்பட்டோர் தவறினர் என்பதும் உண்மை. அன்றியும், நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது வலிப்பும் மனக்குழப்பமும் தோன்றி உயிருக்கே ஆபத்து விளையலாம். ஆதலின் அத்தகையோருக்கு முதலிற் செல்லவேண்டிய இடம் வைத்தியசாலை. அடுத்துச் செல்லவேண்டிய இடமே கூட்டம். கடவுள் பற்றிய பேச்சு ஒவ்வாதவர், பெண்கள், வேறு மதத்தினர் ஆகியோருக்கு அக்கூட்டம் அவ்வாறே பொருந்தும் என எண்ணுவதும் தவறாகும்.

எஞ்சி நிற்பது குடியாதவரின் அறம். தவறி மீண்டும் குடித்தவன், அடுத்த வாரம் அதே கதவைத் தட்டத் துணிவானா என்பது அவனை மட்டும் பொறுத்த செய்தியன்று. அவன் போவதைக் கண்ட அயலார் என்ன பேசினர், மேலதிகாரி அவனை எங்ஙனம் நோக்கினார், நண்பர் கலியாண வீட்டில் அவனுக்குக் கிண்ணத்தை நீட்டி வற்புறுத்தினரா என்பனவும் அதனைத் தீர்மானிக்கின்றன. பல்கலைக் கழகத்திற் கற்றோர்க்கும் கற்பிப்போர்க்கும் இது பொருந்தும். குடியை வீரமாகவும் நகைச்சுவையாகவும் கொண்டாடும் வழக்கம் கல்விக்கூடங்களுக்கு வெளியே மட்டும் உள்ளதன்று. துறையில் பாதைக்காகக் காத்து நிற்கும் ஒருவரிடம் எங்கே பயணம் என வினவாது விடுதல் சிறு செயலே. அவர் அன்று அக்கரை சேர்வதற்கு அச்சிறு செயலே போதுமானதாக இருத்தலுங்கூடும்.